பெடலுக்குக் கீழே ஒரு கால்

ம்வாசி மலை
12 ஜனவரி 2013

தம்பி வனாங்வா,

இது சமாதானக் கடிதம் இல்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று, பெரியவர்கள் கூடியிருந்த இடத்தில் என்னைத் திருடி என்று சொன்ன உன் வாயை நான் மறக்கவில்லை. "அப்பன் சொத்து ஆம்பளப் புள்ளைக்குத்தான்" என்று சித்தப்பா சொன்னார், நீ தலையாட்டினாய், நான் சாவியை எடுத்துக்கொண்டு அப்பாவின் வண்டியை மலைக்கே ஓட்டிவந்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆரோக்கிய நிலையத்தில் அப்பா பார்த்த டிரைவர் வேலை இப்போது என்னுடையது. வேலை இருக்கிற இடத்தில்தானே வண்டியும் இருக்க வேண்டும்.

போனில் கேட்டிருக்கலாம். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏறினால் சிக்னல் கிடைக்கும். ஆனால் உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. முசூசுவில் நீ பிரேக் மெக்கானிக்காக இருக்கிறாய், எனக்கு வேறு மெக்கானிக்கைத் தெரியாது. அதனால்தான் மினிபஸ் ஓட்டுகிற கொமெஸ்கானியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். பிரேக்கை மிதித்தால் பெடல் என் காலைத் திருப்பி உதைக்கிறது.

எப்போதும் இல்லை. இறக்கத்தில், வளைவுக்கு முன்னால், வண்டி நடை வேகத்துக்கு வந்து நிற்கப்போகிற நேரத்தில் மட்டும். பெடல் உள்ளிருந்து டக டக டக என்று என் பாதத்தைத் தள்ளுகிறது. கீழே ஒருவர் உட்கார்ந்துகொண்டு தன் காலால் எதிர்த்து மிதிப்பது போல இருக்கிறது. அந்த நேரத்தில் வண்டி நிற்பதில்லை. ஓர் ஆள் நீளம் தானாக ஓடிவிட்டுத்தான் நிற்கிறது. அந்த ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். இந்தச் சாலைக்குத் தடுப்புச் சுவர் கிடையாது.

வெல்டர் ம்கண்டவிரே பார்த்தான். "டாஷ்போர்டுல ஏபிஎஸ் மஞ்ச லைட்டு எரியலையேக்கா. கோளாறுன்னா எரிஞ்சிருக்கும். கம்ப்யூட்டருக்கே தெரியாத கோளாறு மனுசனுக்கு எப்படித் தெரியும்? இது வேற சமாச்சாரம்" என்றான். அவன் சொல்லும் வேற சமாச்சாரம் என்னவென்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவது வளைவில், இந்த சீட்டில் உட்கார்ந்தபடியேதான் அப்பாவின் உயிர் போனது. கீழே ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணிகள் பின்சீட்டிலிருந்து என் காலையே பார்க்கிறார்கள். நேற்று ஒருத்தி வாய்விட்டே கேட்டுவிட்டாள்: "பெரியவர் இன்னும் எறங்கலையாக்கா?"

எனக்கு ஒரே கேள்வி. உயிரில்லாத பொருள் இப்படித் திருப்பி உதைக்குமா? ஆம், இல்லை என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

லுசுங்கு


முசூசு
14 ஜனவரி

அக்கா,

உதைக்கும்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதியாகிவிட்டது. இனி எழுதுவது என் இஷ்டம்.

வண்டியில் ஏபிஎஸ் என்று ஒன்று இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. சக்கரத்தோடு சேர்ந்து ஒரு பல் வளையம் சுற்றும், பக்கத்தில் ஒரு சென்சார் உட்கார்ந்து பற்களை எண்ணிக்கொண்டிருக்கும். நம் வண்டி ஜப்பானில் ஒரு ஆயுசு ஓடி முடித்துவிட்டு இங்கே வந்த வண்டி. வயதான வண்டியில் துரு ஊதி அந்த வளையம் விரிசல் விடும். விரிசல் வந்த இடத்தில் சென்சாருக்கு எண்ணிக்கை தப்பும். உடனே கம்ப்யூட்டர், சக்கரம் பூட்டிக்கொண்டது என்று தப்பாக நினைத்து, அந்த சக்கரத்தின் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். உன் காலில் படுவது அந்த விட்டுப் பிடிப்புதான். பிரேக்கை விட்டிருக்கிற நேரத்தில் வண்டி ஓடத்தானே செய்யும்.

போன மாதம் ரொட்டிக் கம்பெனி வேன் ஒன்றுக்கு இதே வியாதி. மார்க்கெட்டில் தக்காளிக் குவியலுக்குள் மூக்கை விட்டுவிட்டு, "பிரேக் புடிச்சேன், அதுதான் வேண்டாம்னுச்சு" என்று அந்த டிரைவர் அழுதான். அந்த வேனில் யாரும் செத்திருக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இப்படிக் கிண்டலாக எழுதுகிறேனே தவிர, உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு சீமாக் களி இறங்கவில்லை. உசிப்பா மீனை வறுத்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்த ஓர் ஆள் நீளம் என்று எழுதியிருக்கிறாயே, அதை நினைத்தால் உள்ளங்கால் கூசுகிறது. அப்பா போனபிறகு நான் அந்த மலைச் சாலையில் ஏறவே இல்லை. உன்மேல் இருக்கிற கோபத்தால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பயத்தால்தான்.

முதல் வேலையாக, ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஏபிஎஸ் என்று போட்டிருக்கும் ஃபியூஸைப் பிடுங்கிவிடு. பிரேக் போய்விடாது, பழைய காலத்து வண்டி போல சாதாரண பிரேக்காக வேலை செய்யும். மண் சாலைக்கு அதுவே நல்லது.

அடுத்து, எனக்காக ஒன்று பார்த்துச் சொல். என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பு. டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும். சும்மா காத்திரு. அந்த மஞ்சள் விளக்கு சில நொடிகளில் தானாக அணைகிறதா, அணையாமல் நிற்கிறதா?

வரட்டுமா என்று கேட்க ஆசைதான். "என் மூஞ்சில முழிக்காத" என்று நீ சொன்னதால் கேட்கவில்லை.

வனாங்வா


ம்வாசி மலை
18 ஜனவரி

வனாங்வா,

நீ சொன்னபடி பார்த்தேன். மஞ்சள் விளக்கு அணையவே இல்லை, நான் உட்கார்ந்திருந்த வரைக்கும் எரிந்தது. என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கும் அதுவும் ஜோடியாக அணைந்தன. இதில் என்ன இருக்கிறது? விளக்கு எரிகிறது, அணைகிறது. அது நன்றாகத்தான் இருக்கிறது.

ஃபியூஸைப் பிடுங்கவில்லை. பிடுங்கவும் மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் படி.

ஐந்தாவது வளைவு வந்தால் நான் நிறுத்துவேன். செத்தவர் இடத்தைத் தாண்டும்போது என்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் குவித்துத் தட்டி, யெவோ என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தானே போக வேண்டும். மலையில் எல்லோரும் செய்வதுதான். நானும் செய்கிறேன். பிறகு ஸ்டார்ட் பண்ணிப் புறப்படுகிறேன். அடுத்த வளைவில் பெடல் உதைக்கிறது, வனாங்வா. தவறாமல் உதைக்கிறது. ஒருநாள் பின்சீட்டில் ரத்தப்போக்கோடு ஒரு பெண் இருந்ததால் அவசரத்தில் நிறுத்தாமல் போய்விட்டேன். அன்றைக்கு மலையடிவாரம் வரை பெடல் பச்சைப்பிள்ளை போல சாதுவாக இருந்தது. வணக்கம் சொன்னால் பதில் வருகிறது, சொல்லாவிட்டால் வருவதில்லை. உன் பல் வளையத்துக்கு மரியாதை தெரியுமா?

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. ஒவ்வொரு தடவையும் என் முதுகு நனைந்துபோகிறது. ஆனால் கோபமாகவாவது அவர் என்னோடு பேசுகிறாரே. நான் சாவியை எடுத்தது தப்பு என்கிறாரா, சரி என்கிறாரா என்று தெரியவில்லை. தெரியாமல் நானே அவரைப் பிடுங்கிப் போடுவதா?

சித்தப்பாவும் ஆள் அனுப்பியிருக்கிறார். வண்டியைக் கொடுத்துவிட வேண்டுமாம், பேயோட்டும் வைத்தியரை வைத்து சுத்தம் செய்து அவரே ஓட்டிக்கொள்வாராம். அண்ணன் ஆவியே குறுக்கே நின்றாலும் பரவாயில்லை, வண்டி கிடைத்தால் போதும் அவருக்கு. எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம்.

லுசுங்கு


முசூசு
20 ஜனவரி

அக்கா,

சிரிக்கவில்லை. கடிதத்தை கராஜில் வைத்துப் படித்தேன், கையிலிருந்த ஸ்பேனர் நழுவி என் கால்மேல் விழுந்தது.

நிதானமாகப் படி. உன் மஞ்சள் விளக்கு பொய் சொல்கிறது. நல்ல வண்டியில் அந்த விளக்கு ஆயில் விளக்கை எதிர்பார்க்காது, சாவியைத் திருப்பின கொஞ்ச நேரத்தில் தன்பாட்டுக்கு அணைந்துவிடும். உன் விளக்கு ஆயில் விளக்கோடு ஜோடி சேர்ந்து அணைகிறது என்றால், யாரோ அதன் வயரை வெட்டி ஆயில் விளக்கு வயரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். தகுதிச் சான்று வாங்கப் போகிற வண்டிகளுக்கு இங்கே பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். சோதிக்கிறவர் சாவியைத் திருப்புவார், விளக்கு எரியும், ஸ்டார்ட் பண்ணுவார், அணையும், சான்று கிடைத்துவிடும். உள்ளே கம்ப்யூட்டர் கத்திக்கொண்டிருந்தாலும் வெளியே கேட்காது. வாயைக் கட்டிவைத்த நாய் அது.

அப்பாவுக்கு நீ சொல்லும் வணக்கத்துக்கு வருகிறேன். கோபப்படாதே. கம்ப்யூட்டர் ஒரு தடவை உதைத்தபிறகு, சென்சார் சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டால், ஏபிஎஸ் தானாகவே விலகிக்கொள்ளும். விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடும். அதன்பிறகு சாதாரண பிரேக்தான், உதைக்காது. ஆனால் நீ என்ஜினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் அதற்கு எல்லாம் மறந்துபோகும். மறுபடி முதலிலிருந்து தப்பாக எண்ணும், மறுபடி உதைக்கும். ஐந்தாவது வளைவில் நீ சாவியை அணைக்கிறாய், அதனால் ஆறாவதில் உதைக்கிறது. நிறுத்தாத அன்று அது மேலேயே உதைத்துவிட்டு ஏற்கெனவே விலகியிருந்தது, அதனால் சாதுவாக இருந்தது. உனக்குப் பதில் சொல்வது அப்பா இல்லை அக்கா, நீ திருப்புகிற சாவி.

நம்பவில்லை என்றால் இறக்கத்துக்குப் போகாதே. பள்ளிக்கூட மைதானத்தில், சரிவே இல்லாத இடத்தில், வண்டியை அணைத்து ஸ்டார்ட் பண்ணி, மெதுவாக ஓட்டி மெதுவாக நிறுத்திப் பார். அப்பாவுக்கும் அந்த மைதானத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அங்கேயும் உதைத்தால் நான் சொல்வதை ஒத்துக்கொள்.

மீட்டர் பலகையின் திருகுகளைக் கழற்றி முன்னால் இழுத்தால் பின்பக்கம் தெரியும். ஆயில் விளக்குக்குப் போகும் வயரில் வேறொரு வயர் முடிச்சு போட்டிருக்கிறதா என்று ம்கண்டவிரேயை வைத்துப் பார்.

ராத்திரியில் உன் வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து உட்காருகிறேன். முசூசுவில் எப்படிக் கேட்கும் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் கேட்கிறது.

வனாங்வா


ம்வாசி மலை
25 ஜனவரி

தம்பி,

மைதானத்துக்குப் போனேன். பையன்கள் பந்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அணைத்தேன், ஸ்டார்ட் செய்தேன், நடை வேகத்தில் ஓட்டி மெதுவாகக் காலை வைத்தேன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் உதைத்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உன் சென்சார் ஞாபகம் வரவில்லை. அப்பா என்னோடு இங்கேயும் வந்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடிவிட்டேன். பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

சாயங்காலம் ம்கண்டவிரேயைக் கூப்பிட்டு மீட்டர் பலகையை இழுத்தோம். நீ சொன்னபடியே இருந்தது. மஞ்சள் விளக்கின் வயரை வெட்டி, ஆயில் விளக்கு வயரோடு முறுக்கி, மேலே நூல் சுற்றியிருந்தது. நீல நூல். மீன்வலை நூல், வனாங்வா. சின்ன வயதில் ஏரிக்கரையில் வலை பின்னின கை போடுகிற முடிச்சு அது. கிழிந்த செருப்பிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை அவர் எதை எந்த முடிச்சால் கட்டினார் என்று நமக்குத் தெரியாதா? வெட்டின மறுமுனையைக்கூட அவர் எறியவில்லை. டேப் சுற்றி, மடித்து, பத்திரமாக உள்ளே செருகி வைத்திருந்தார்.

ம்கண்டவிரே, "பெரியவர் கைவேலையாக்கா இது?" என்றான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ இதை யோசித்தாயா? விளக்கை அப்பா கட்டினார் என்றால், அவர் ஓட்டும்போதே விளக்கு எரிந்திருக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போதே பெடல் அவர் காலையும் உதைத்திருக்கிறது. அப்படியானால் அவர் காலை உதைத்தது யார்?

அதனால் இது அப்பா இல்லை. ஒத்துக்கொள்கிறேன். உனக்கு நிம்மதியா? எனக்கு இல்லை. அவரைக் கண்டெடுத்தபோது ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தது, முன்சக்கரத்துக்கு அடியில் கல் வைத்திருந்தது. நெஞ்சு வலித்ததும் ஓரமாக நிறுத்தியிருக்கிறார், எவ்வளவு நிதானமான மனுஷன் என்று எல்லோரும் மெச்சினோம். நெஞ்சு வலிக்கிறவன் இறங்கிப் போய்க் கல் தேடுவானா? அவர் வண்டிக்குப் பயந்து கல் வைத்திருக்கிறார். பயந்த பிறகுதான் நெஞ்சு வலித்திருக்கிறது. பயத்தோடுதான் போயிருக்கிறார், தம்பி. நம்மில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மஞ்சள் விளக்கின் வயரை ஆயில் விளக்கிலிருந்து பிரித்து, அதன் சொந்த முனையோடு சேர்த்துவிட்டோம். ஃபியூஸைப் பிடுங்கத்தான் நினைத்தேன். பெட்டியின் மூடியில் எல்லாம் ஜப்பான் எழுத்தாக இருக்கிறது. குத்துமதிப்பாக ஒன்றைப் பிடுங்கினேன், பின்னால் பிரேக் விளக்கு செத்துவிட்டது. திரும்பச் செருகிவிட்டேன். எது என்று சரியாக எழுது. மழை விடாமல் பெய்கிறது. தியாமிகே என்ற பெண்ணுக்கு இந்த வாரம் பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறதாம், இங்கே பார்க்க முடியாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். அவளைக் கீழே கொண்டுபோக வேண்டும். சீக்கிரம் எழுது.

லுசுங்கு


முசூசு
27 ஜனவரி

அக்கா,

மூடியை விட்டுவிடு. முழங்கால் பக்கத்துப் பெட்டியில் தேடச் சொன்னது என் தப்பு, உன் வண்டிக்கு அது பானட்டுக்குள் இருக்கிறது. பேட்டரிக்குப் பின்னால் கறுப்புப் பெட்டி. அதில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக, கட்டைவிரல் அகலத்தில் பச்சையாக ஒன்று ஓரத்தில் இருக்கும். அதைப் பிடுங்கு. அதைப் பிடுங்காமல் வண்டியை எடுக்காதே.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் இதை மட்டும் மனதில் வை. இப்போது உன் மஞ்சள் விளக்கு உண்மை பேசும். அது எரிந்தால் பயப்படாதே. எரிகிறது என்றால் ஏபிஎஸ் விலகிவிட்டது, உன் பிரேக் உன் காலில் இருக்கிறது. அணைந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். ஆரோக்கிய நிலையத்து வாசலில், சமதளத்திலேயே, விளக்கு எரிகிற வரைக்கும் ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி உதை வாங்கிக்கொள். எரிந்தபிறகு மலை இறங்கு. இறங்கினால் அடிவாரம் வரை என்ஜினை அணைக்காதே. ஐந்தாவது வளைவிலும்தான். அப்பாவுக்கு நான் இங்கிருந்து வணக்கம் சொல்லிக்கொள்கிறேன், நீ நிறுத்தாமல் போ. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். விளக்கைக் கட்டினவருக்கு இது தெரியும்.

நீ எழுதின கல்லைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர். நான் பிரேக் மெக்கானிக், அக்கா.

வனாங்வா


முசூசு
30 ஜனவரி

அக்கா,

என் கடிதம் உன்னிடம் வரவில்லை. கொமெஸ்கானி இப்போதுதான் வந்து சொன்னான். "அடிவாரத்துல பாலம் முங்கிடுச்சுண்ணே, ரெண்டு நாளா மலைக்குப் போகலை" என்று தன் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தான். மடித்தபடியே இருந்தது. அவனை அடிக்கப் போய்விட்டேன். அவன் என்ன செய்வான் பாவம்.

உன் போனுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன், கிடைக்கவில்லை. பாறைமேல் ஏறு. கோபமாக இருந்தாலும் எடு. திட்டிவிட்டு வைத்துவிடு.

இதை யாரிடம் கொடுத்தனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன். சும்மா இருக்க முடியவில்லை. தியாமிகேயை நீ கீழே கொண்டுபோய்விட்டாயா? எந்த விளக்கோடு போனாய்?

வனாங்வா


மாவட்ட ஆஸ்பத்திரி
1 பிப்ரவரி

வனாங்வா,

பக்கத்துப் படுக்கைப் பெண் எழுதுகிறாள், நான் சொல்கிறேன். என் வலது மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது. எலும்பு சரியாகக் கூடுகிறதா என்று பார்க்க இங்கேயே வைத்திருக்கிறார்கள், வேறு ஒன்றுமில்லை. முதலில் மூச்சு விட்டுக்கொள்.

தியாமிகேவுக்கு வலி எடுத்ததும் காத்திருக்க முடியவில்லை. அடிவாரத்துப் பாலம்வரை கொண்டுவந்துவிட்டால் மறுகரையில் ஆஸ்பத்திரி வண்டி நிற்கும் என்றார்கள். பின்சீட்டில் அவளும் அவள் மாமியாரும் நர்ஸம்மாவும். உன் கடிதம் வரவில்லைதான், ஆனால் முந்தின கடிதத்தில் நீ எழுதியது தலையில் இருந்தது. இரண்டாம் வளைவில் பெடல் உதைத்தது. வண்டி வழுக்கி, ஓடி, நின்றது. அப்போதுதான் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஓடும்போது அது எரிந்து நான் பார்த்ததே இல்லை. அதன்பிறகு மூன்றாம் வளைவிலும் நான்காம் வளைவிலும் வண்டி கல் மாதிரி நின்றது. வாய்க்கட்டு அவிழ்ந்த நாய் கடிக்கவில்லை.

ஐந்தாவது வந்தது. நிறுத்தாமல் போகத்தான் நினைத்தேன். மாமியார்க் கிழவி பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துவிட்டாள்.

"நிறுத்தும்மா. பெரியவருக்கு சொல்லாமப் போகாத. புள்ள குறுக்க கெடக்குது, இந்த நேரத்துல அவரப் பகைச்சுக்கணுமா?"

"நிறுத்தினா பிரேக் புடிக்காது பாட்டி. தம்பி எழுதியிருக்கான்."

"ஒந் தம்பி ஒங்கப்பன விடப் பெரியவனா?"

தியாமிகேயும் அழ ஆரம்பித்தாள். "அக்கா, நிறுத்துக்கா. எம் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆயுசுக்கும் இதத்தான் சொல்லுவாங்க." படித்த நர்ஸம்மாகூட ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நிறுத்தினேன். அவர்களுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். எனக்கும் பயமாக இருந்தது. உன் சென்சாரும் தெரியும், அப்பாவின் முடிச்சும் தெரியும், எல்லாம் தெரிந்தும் அவரைத் தாண்டிப்போக என் கால் வரவில்லை. என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே கைதட்டியிருக்கலாம். என்ஜின் உறுமும்போது செத்தவருக்கு வணக்கம் சொன்னால் அது வசவுக்குச் சமம் என்று வளர்த்திருக்கிறார்களே. அணைத்தேன். தட்டினோம். ஸ்டார்ட் பண்ணினேன். மஞ்சள் விளக்கு ஒரு கணம் எரிந்து, நல்ல பிள்ளையாக அணைந்தது. அது அணைந்ததைப் பார்த்ததும் எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது.

ஆறாவது வளைவில் உதைத்தது. பள்ளத்தைப் பார்த்து ஓடியது. பெடலை விட்டுவிட்டு ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்தேன், மண்சரிவில் மூக்கைக் கொடுத்து நின்றது. கை அதில் போனதுதான். பின்னால் ஒருவருக்கும் காயமில்லை. மரம் ஏற்றுகிற பெரிய லாரி வந்து எங்களை ஏற்றி, பாலத்துத் தண்ணீரையும் தாண்டிவிட்டது. தியாமிகேவுக்கு வயிற்றை அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. கிழவி வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்: "வணக்கம் சொன்னதாலதான் பொழச்சோம்."

வண்டி ஆறாவது வளைவில் கிடக்கிறது. சாவி தலையணைக்கு அடியில் இருக்கிறது, கொமெஸ்கானியிடம் கொடுத்தனுப்புகிறேன். நீயே எடுத்துக்கொள். ஆம்பிளைப் பிள்ளை சொத்து. இனி அதில் நான் கால் வைக்க மாட்டேன். சித்தப்பாவுக்கு மட்டும் கொடுக்காதே.

லுசுங்கு


ம்வாசி மலை
9 பிப்ரவரி

அக்கா,

நாளைக்கு உன்னைப் பார்க்க வருகிறேன். என் மூஞ்சியில் முழிக்க வேண்டாம் என்றால் கண்ணை மூடிக்கொள், நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் இன்றே எழுதிவிடுகிறேன்.

உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி முன்னால் நிற்கிறது. மூக்கு நசுங்கியிருக்கிறது, ஒரு விளக்கு இல்லை, மற்றபடி குறையில்லை. வண்டி கிடந்த இடத்திலேயே சக்கரத்தைக் கழற்றினேன். இடதுபக்க முன்சக்கரம். பல் வளையத்தில் என் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல், உள்ளே துரு. கழற்றிக் கையில் வைத்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பிஸ்கட் கனம்கூட இல்லை. பழைய வண்டி ஒன்றிலிருந்து நல்ல வளையம் கொண்டுபோயிருந்தேன், அதை மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு ஆயில் விளக்குக்குக் காத்திருக்காமல் தன்பாட்டுக்கு அணைந்தது.

பிறகு நான் ஏறினேன். நடந்தே வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மேலே வரை போய்த் திரும்பி, சரிபார்க்க வேண்டும் என்று மறுபடி இறங்கினேன். ஐந்தாவது வளைவில் நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன், கையைக் குவித்துத் தட்டினேன், எல்லாம் முறைப்படி செய்தேன். ஸ்டார்ட் பண்ணி ஆறாவது வளைவுக்குப் போய், மெதுவாகக் காலை வைத்தேன். வண்டி நின்றது. பெடல் அசையவில்லை.

அந்த இடத்தில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பேய் இல்லை, பிசாசு இல்லை என்று உனக்குக் கடிதம் கடிதமாக எழுதினவன் நான். ஆனால் நின்ற வண்டியில் பெடலை விடாமல் மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அக்கா. ஒரே ஒரு தடவை தள்ளாதா என்று. பின்னால் விறகு வண்டிக்காரன் வந்து மணி அடிக்கிறவரை காலை எடுக்கவில்லை. தள்ளவில்லை.

நீ அவரோடு இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தாய். நான்தான் வந்து நிறுத்திவிட்டேன்.

சாவியை நர்ஸம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் வண்டி லுசுங்குவுடையது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன், அவர் கத்தினார், கத்தட்டும். கை சரியானதும் நீ ஓட்டு. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.

வனாங்வா